பெயர் எழுதிய புத்தகம்: மன்னார்க் கரையும் வலியதுறைக் கரையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர்களின் பற்று நோட்டில் வாடிக்கையாளரின் வீட்டு எண் இருக்காது. ஊர்ப் பெயர்தான் இருக்கும். எங்கள் நோட்டில் கடற்கரைக்குத் தனிப் பக்கங்கள் உண்டு: பூந்துறை, பீமாப்பள்ளி, செறியதுறை, வலியதுறை, சங்குமுகம், வெட்டுகாடு. அப்பா காலத்து வரிசை அது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்து போகிறவர் கண்ணில் படும் வரிசை. அந்த ஊர்களில் வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பெண்கள் வாரத்துக்கு ஒரு தடவை கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி நடந்து வருவார்கள். புளி, வற்றல் மிளகாய், மல்லி, கருப்பட்டி. பாதி ரொக்கம், பாதி பற்று. கடலில் மீன் பட்டால் கணக்கு தீரும்.

வலியதுறைப் பக்கத்தில் ஒரு அக்காவின் பெயருக்கு எதிரே சில வருடங்களுக்கு முன் ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதினேன். "வீடு போச்சு அண்ணாச்சி, கடல் எடுத்துட்டு. இப்போ கோடவுன்ல கிடக்கோம்" என்று அவர் சொன்னார். சரக்கு கொடுத்துவிட வேண்டி வந்தால் ஆட்டோக்காரருக்கு அடையாளம் வேண்டுமே என்று ஊருக்குப் பக்கத்தில் "கோடவுன்" என்று எழுதி வைத்தேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. கோடவுன் என்பது எங்கள் தொழிலில் சரக்கு கிடக்கும் இடம்.

அந்த கோடவுன் உண்மையிலேயே சரக்குக்காகக் கட்டியதுதான். வலியதுறை ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தின் துறைமுகம். கப்பல் தூரத்தில் நிற்கும், கடல்பாலத்தில் சரக்கு இறங்கும், கோடவுனில் கிடக்கும், பிறகு ஊருக்குள் வரும். துறைமுகத் தொழில் ஓய்ந்த பிறகு மிஞ்சிய அந்தக் கட்டடங்களில்தான் கடலேற்றத்தில் வீடு இழந்தவர்களைக் குடியமர்த்தினார்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே பலகையும் பழைய சேலையும்தான் சுவர். கொஞ்ச நாளுக்கு என்று போனவர்கள் வருடக்கணக்கில் அங்கே இருந்தார்கள். 2022-ல் திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் விழிஞ்ஞம் துறைமுக வாசலில் போய் உட்கார்ந்தபோது கேட்டவற்றில் ஒன்று, இப்படிக் கேம்பில் கிடக்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வாடகை வீட்டுக்காவது மாற்றுங்கள் என்பது.

ஊரை விட்டு விரட்டப்படும் மக்களுக்காகத் திருச்சபை என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை இந்த கோடவுன் வாசலில் வைத்துக் கேட்டால் பக்கத்தில் இன்னொரு கரையையும் வைத்தே பார்க்கத் தோன்றுகிறது: இலங்கையின் மன்னார். இரண்டும் மீனவக் கத்தோலிக்கர்களின் கரைகள். இரண்டுக்கும் 1544 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதே ஆண்டில், அதே சவேரியாரின் வேதத்தில் சேர்ந்ததற்காக மன்னாரில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். ஒரே வருடத்தில் ஒரு கரையில் திருமுழுக்கு, மறு கரையில் படுகொலை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்பும் அந்த வேறுபாடு முழுதாக அழியவில்லை. மன்னாரில் மக்களை விரட்டியது துப்பாக்கி. இங்கே விரட்டுவது கடல். கடலோடு, கடலை மாற்றிவிட்ட கட்டுமானங்களும் என்று கரைக்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்.

மன்னார் மறைமாவட்டத்தின் இதயம் மடு. அந்தக் கோயிலே இடம்பெயர்ந்தவர்கள் கட்டிய கோயில்தான். 1670-ல் ஒல்லாந்தர் கத்தோலிக்கர்களை ஒடுக்கியபோது மாந்தையிலிருந்து சுமார் 20 குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அதுதான் தொடக்கம். 1990-களில் உள்நாட்டுப் போர் முற்றியபோது அதே காட்டுக் கோயிலின் வளாகத்தில் பல்லாயிரம் பேர் தஞ்சம் புகுந்தார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பு அங்கே திறந்த நிவாரண மையம் நடத்தியது. சிங்கள யாத்திரிகர்களும் தமிழ் யாத்திரிகர்களும் சேர்ந்து கும்பிட்ட இடம் என்பதால் இங்கே குண்டு விழாது என்று மக்கள் நம்பினார்கள். 1999 நவம்பர் 20 அன்று விழுந்தது. சுமார் 40 பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் மற்றதைக் கைகாட்டின. 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருக்கள் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மக்களோடு மாதாவும் இடம்பெயர்ந்தாள் என்று மன்னார்க்காரர்கள் சொல்வார்கள். மாந்தையிலிருந்து மடுவுக்கு வந்தவள் 338 ஆண்டு கழித்து மறுபடியும் ஓட வேண்டியிருந்தது.

இந்த அடைக்கலத்தை எளிதாக எடைபோட முடியாது. கோயில் வளாகம் உயிர் காத்தது, காக்கத் தவறியும் போனது. 2009-ல் வன்னியின் கடைசிக் கரைத்துண்டில் வலைஞர்மடம் கோயிலுக்குள் தஞ்சமடைந்திருந்த இளைஞர்களை விடுதலைப் புலிகள் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றதை ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையே பதிவு செய்கிறது; 14 வயதுப் பெண் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். கோயில் கதவு இராணுவத்துக்கும் அஞ்ச வேண்டியிருந்தது, புலிகளுக்கும் அஞ்ச வேண்டியிருந்தது. குருக்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை. இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார்ப் பொறுப்பாளராக இருந்த நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் அடிகள் 2007 செப்டம்பர் 26 அன்று இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணப் பொருள் எடுத்துச் செல்லும் வழியில் கிளைமோர் குண்டில் கொல்லப்பட்டார்.

அடைக்கலத்தைவிட நீண்ட நாள் நிற்கும் வேறொரு வேலையை மன்னார்த் திருச்சபை செய்தது. அது எண்ணியது. 2011 ஜனவரி 8 அன்று அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு சாட்சியமளித்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் அரசின் கச்சேரிக் கணக்குப்படி (மாவட்டச் செயலகக் கணக்கு) வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேர் எங்கே என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். அரசாங்கம் தானே எழுதிய எண்ணிலிருந்து இன்னொரு எண்ணைக் கழித்துக் காட்டியதுதான் அந்தச் சாட்சியத்தின் வலிமை. இன்றுவரை அந்தக் கழித்தலுக்கு நேரான விடை வரவில்லை. 2012 பிப்ரவரியில் 30 குருக்களோடு சேர்ந்து ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்கு அவர் கடிதம் எழுதினார். பின்னர் பொலிஸ் புலனாய்வுத் துறையினர் அவரிடம் விசாரணை நடத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் காலமானபோது வடக்கில் கறுப்புக்கொடி ஏறாத ஊர் குறைவு.

நான் வியாபாரி. வரவு செலவு பார்த்தே வளர்ந்தவன். அந்தக் கழித்தலை முதன்முதலில் படித்தபோது ஆயரிடம் ஒரு கணக்குப்பிள்ளையின் நேர்மையைப் பார்த்தேன். விட்டுப்போன பாக்கியை எழுதாமல் புத்தகத்தை மூட முடியாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

திருவனந்தபுரம் கரையிலும் இதே எண்ணும் வேலையைப் பார்த்தேன். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வந்த ஓகிப் புயல். எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்வதற்கு முன்பே வள்ளங்கள் கடலில் இருந்தன. அடுத்த நாட்களில் அரசின் பட்டியல் ஒரு எண்ணைச் சொன்னது, உயர்மறைமாவட்டம் வேறொரு எண்ணைச் சொன்னது. திருச்சபையின் எண் எப்போதும் பெரியதாக இருந்தது. காரணம் சாதாரணமானது. அரசு, புகார் வந்ததை எண்ணியது. பங்குகளோ வீடு வீடாக எண்ணின. எந்த வீட்டில் எத்தனை ஆண்கள், யார் யாருடைய வள்ளத்தில் போனார்கள், யார் பெண் கட்டிய ஊரிலிருந்து கடலுக்குப் போனார்கள் என்பது பங்குத்தந்தைக்கும், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் தலைவிகளுக்கும் தெரியும். திருமுழுக்குப் புத்தகம், திருமணப் புத்தகம், மரணப் புத்தகம் என்று நூற்றாண்டுக் கணக்கில் பெயர் எழுதிவந்த பழக்கத்தின் பலன் அது.

இதில் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய எட்டு ஊர்களும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. திருச்சபைக் கணக்கில் அவை திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஓகியின்போது பேராயராக இருந்த சூசை பாக்கியம் மார்த்தாண்டந்துறைக்காரர். கேரள அரசின் பட்டியல் களியக்காவிளையில் நின்றுவிடும். தமிழக அரசின் பட்டியல் அங்கிருந்து ஆரம்பிக்கும். ஒரே வள்ளத்தில் போன கேரளத்துப் பொழியூர்க்காரரும் நீரோடிக்காரரும் இரண்டு மாநிலக் கோப்புகளில் பிரிந்து கிடந்தார்கள். பங்குப் புத்தகம் மட்டும் அவர்களைப் பிரிக்கவில்லை. டிசம்பர் 7 அன்று தூத்தூர்ப் பகுதி மக்கள் குருக்களோடு நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது கேட்டதும் அதுதான்: எங்கள் எண்ணை நம்புங்கள், ஆழ்கடலில் தேடுங்கள்.

இரண்டு கரையும் ஒரே வேலையைச் செய்தன என்று இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் இரண்டு கரையும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

இந்தியச் சட்டப்படி காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட 7 ஆண்டு கழிய வேண்டும். கடலில் உடல் கிடைக்காத மீனவரின் மனைவிக்கு இது இன்னொரு புயல். மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, வங்கிக் கடனுக்கு முடிவில்லை, வள்ளத்தின் பெயரை மாற்ற முடியாது. ஓகிக்குப் பின் கரையின் கோரிக்கை, காணாமல் போனவர்களை இறந்தவர்களாக ஏற்று உடனே சான்றிதழ் கொடுங்கள் என்பது. கேரள அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. இறந்தவர்களின் குடும்பங்களோடு காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. திருச்சபையின் பட்டியல் இதற்கு ஆதாரமாக நின்றது.

மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தாய்மார்கள் அதே காகிதத்தை வாங்க மறுத்தார்கள். காணாமல் போனவர்களுக்கு விரைவில் மரணச் சான்றிதழ் கொடுக்க 2010-ல் இலங்கை ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தது. பல குடும்பங்கள் அதன் பக்கமே போகவில்லை. அவர்களின் பிள்ளைகளைக் கடல் கொண்டுபோகவில்லை. கையைப் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளும் போனார். சரணடைந்தவர்களின் பெயர்களை அவரே ஒரு பட்டியலாக எழுதினார் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பஸ்ஸில் ஏறியவர்களும் திரும்பவில்லை, பட்டியலும் திரும்பவில்லை, எழுதிய குருவானவரும் திரும்பவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மரணச் சான்றிதழ் வாங்கினால், பிள்ளையை யாரிடம் கொடுத்தோம் என்ற கேள்வியை நாமே கைவிட்டதாகிவிடும் என்று அந்தத் தாய்மார் பயந்தார்கள். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் 'காணாமற்போனார்' என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது.

ஒரு கரையில் மரணப் புத்தகத்தில் பெயரை எழுது என்கிறார்கள். மறு கரையில் எழுதாதே என்கிறார்கள். இரண்டு இடத்திலும் குருவானவர் கையில் இருப்பது அதே மாதிரிப் புத்தகம். மனித உரிமைக்காகத் திருச்சபை நிற்பது என்பதைப் பற்றி 1963 ஏப்ரலில் வந்த 'பாச்சேம் இன் தெரிஸ்' சுற்றுமடல் தொடங்கி உரோமிலிருந்து நிறைய எழுத்து வந்திருக்கிறது. மனிதர் தம் நாட்டுக்குள் இடம் மாறவும் வெளிநாட்டுக்குக் குடிபோகவும் உரிமை உண்டு என்று அந்த மடல் சொல்கிறது. அந்த எழுத்தெல்லாம் வேண்டும்தான். ஆனால் எந்தப் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது, எதை எழுதாமல் திறந்து வைப்பது என்பதை அந்தந்தக் கரையின் பெண்களிடம் கேட்டு முடிவெடுத்த இடத்தில்தான் இந்த இரண்டு மறைமாவட்டங்களும் உண்மையில் உரிமையைக் காத்தன. என் முடிவு இது. பெரிய மேடைகளில் நடந்தவற்றைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

பெரிய மேடைகளில் இரண்டு கரைக்கும் அடி விழுந்தது. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தானது, டிசம்பரில் வேலை ஆரம்பித்தது. அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீள நீள மணல் ஓட்டம் மாறி வடக்கே வலியதுறையும் சங்குமுகமும் அரிக்கப்படுகின்றன என்பது மக்களின் வாதம். அரசும் துறைமுக நிறுவனமும் அதை ஏற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 16 முதல் முல்லூரில் துறைமுக வாசலில் முற்றுகை. கடல் வழியே வள்ளங்களிலும் வந்தார்கள். கோரிக்கைகள் ஏழு. வேலையை நிறுத்திவிட்டுக் கரையரிப்பை ஆராயுங்கள் என்பதைத் தவிர மற்றவற்றில் அரசு ஏறத்தாழ இறங்கிவந்தது. நவம்பர் 26, 27-ல் கலவரம், விழிஞ்ஞம் காவல் நிலையத் தாக்குதல். பேராயர் தோமஸ் ஜே. நெட்டோவின் பெயரும் வழக்கில் ஏறியது. டிசம்பர் 6-ல் போராட்டம் முடிந்தது. கேம்பில் இருந்த குடும்பங்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை. மலங்கரைக் கத்தோலிக்க கர்தினால் கிளிமிஸ் நடுவில் நின்று பேசினார். 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வலியதுறைக் கடல்பாலம் அதற்கு முந்திய ஆண்டே இரண்டாக முறிந்துவிட்டது.

முல்லூர்ப் போராட்டம் தோல்வி என்று எங்கள் கடைத்தெருவில் பலர் சொன்னார்கள். அப்போது துறைமுகம் வந்தால் சாலைக்கு வியாபாரம் பெருகும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கோடவுனில் கிடந்தவர்கள் அந்த நான்கு மாதத்தில்தான் முதலமைச்சரின் மேசைக்கு வந்தார்கள். 5,500 ரூபாய் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பத்துக்கு நல்ல வீடு தராது. பலகைச் சுவருக்குள்ளிருந்து வெளியே வரத் தந்தது. இன்னொரு பக்கம், கடலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்களை மாற்ற 'புனர்கேஹம்' திட்டத்தில் நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து அரசு கொடுப்பது 10 லட்சம். நகரத்தில் அந்தத் தொகைக்கு மூன்று சென்ட் தேடிப் போகிறவர் கடலை விட்டு வெகுதூரம் போக வேண்டும். வலையை எங்கே காயப்போடுவது, வள்ளத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி மாடிக் குடியிருப்பிலும் தீராது.

மேலிடத்தில் ஒரே குரல் இருப்பதில்லை என்பதும் இரண்டு கரைக்கும் பொது. மன்னார் ஆயர் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதியபோது கொழும்புக் கர்தினால் மல்கம் ரஞ்சித் அங்கே இலங்கை பற்றி வந்த தீர்மானத்தை எதிர்த்தார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் தன் மக்களையே இழந்து, உள்நாட்டில் நீதி கிடைக்காமல், 2022 மார்ச்சில் அதே ஜெனீவாப் பேரவையில் கர்தினால் பேசினார். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. துயரம் தன் வாசலுக்கு வரும்வரை அடுத்தவரின் சாட்சியம் நமக்கெல்லாம் தூரத்துச் சத்தமாகத்தான் கேட்கிறது.

இங்கேதான் பெயர்ப் புத்தகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். அதில் இல்லாதவர்கள் யார்?

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி உட்பட ஊர் ஊராகக் காலியானது. பெரும்பாலானவர்கள் புத்தளம் போனார்கள். தலைமுறை தாண்டியும் அங்கேயே இருக்கிறார்கள். மன்னார்க் கரையின் இடம்பெயர்வுக் கதையை மடுவிலிருந்து மட்டும் சொன்னால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள். இவர்களின் பெயர்கள் எந்தப் பங்குப் புத்தகத்திலும் இல்லை, பள்ளிவாசல் புத்தகங்களில் இருந்தன. இரண்டு புத்தகத்தையும் அருகருகே விரித்துப் படிக்கும் வேலை இன்னும் பெரும்பாலும் பாக்கி.

எங்கள் கரையிலும் இந்தப் பிளவு உண்டு. என் நோட்டில் பூந்துறைக்கும் செறியதுறைக்கும் நடுவே பீமாப்பள்ளி இருக்கிறது. கடல் எல்லாரையும் ஒன்றாகத்தான் அரிக்கிறது. முற்றுகை சூடேறிய நாட்களில் போராட்டக் குழுவைச் சேர்ந்த ஒரு குருவானவர் அப்போதைய மீன்வள அமைச்சர் வி. அப்துரஹிமானைப் பற்றி, அவர் பெயரைக் கொண்டே மதத்தை இழுத்துப் பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த ஒரு சொல், கோடவுனில் கிடந்த குடும்பங்களின் வழக்கை ஒரு மதத்தின் வழக்காகச் சுருக்கிக் காட்ட எதிராளிகளுக்கு வசதி செய்து கொடுத்தது. உரிமைக்காகப் பேசும் வாய்க்கு இருக்க வேண்டிய முதல் கட்டுப்பாடு, தன் புத்தகத்தில் இல்லாதவரின் பெயரை மரியாதையோடு உச்சரிப்பது.

என் பெயரும் எந்தப் பங்கிலும் இல்லை. எங்கள் தெருவில் மூட்டை தூக்கும் அசாம், வங்காளப் பையன்களின் பெயரும் இல்லை. சாலையில் பாதிப்பேர் எங்கிருந்தோ வந்தவர்கள். தோவாளைப் பூவோடு வந்தவர், திருநெல்வேலிச் சரக்கோடு வந்தவர். எங்களை யாரும் விரட்டவில்லை, பிழைப்பு கூப்பிட்டது. ஆனால் கிள்ளிப்பாலத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் அந்தப் பையன்களில் எத்தனை பேரின் ஊரை ஆறு தின்றது என்று நாங்கள் கேட்டதில்லை. சம்பள நோட்டில் அவர்களுக்கு முதல் பெயர் மட்டும்தான். ஊர் என்ற இடத்தில் "பெங்கால்" என்று எழுதுகிறோம், அசாம்காரனுக்கும் அதேதான்.

கடைசியாக இரண்டு கோயில்கள்.

மன்னாருக்குத் தெற்கே முசலிப் பகுதியில் முள்ளிக்குளம். 2007 செப்டம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு ஊர் கடற்படைத் தளமானது. கோயில் தளத்துக்குள் மாட்டிக்கொண்டது. சொந்தக் கோயிலில் திருப்பலி காண மக்கள் கடற்படையின் வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர்கள் ஊரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஆயரும் குருக்களும் கூடவே நின்றார்கள். 2017-ல் மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரல் 29 வரை வெயிலில் உட்கார்ந்த பிறகு 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது.

வலியதுறைக்கு வடக்கே தும்பா. அங்கே கோயில் கேட்டுப் பெறப்பட்டது. புவிகாந்த நடுக்கோடு அந்த ஊரின் மேல் போகிறது என்பதால் ராக்கெட் தளத்துக்கு அந்த இடமே வேண்டும் என்று விக்ரம் சாராபாய் வந்து கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். மகதலா மரியாள் கோயில் ஆய்வுக்கூடமானது, 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் போனது. அப்துல் கலாம் இதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். இன்று அந்தக் கோயில் விண்வெளி அருங்காட்சியகம். கதையில் ஆயர் வருகிறார், விஞ்ஞானிகள் வருகிறார்கள், சைக்கிளில் போன ராக்கெட் பாகம் வருகிறது. பள்ளித்துறையில் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தள்ளிக் குடிபோன மீனவக் குடும்பங்கள் ஒரு வரியில் வந்து போகின்றன. கேட்டுப் பெற்றதும் பறித்துப் பெற்றதும் ஒன்றல்ல, அந்த வேறுபாடு பெரியது. ஆனால் திருச்சபை ஆம் என்று சொன்ன இடத்தில் இடம்பெயர்ந்தவர்களின் கதையை எழுதி வைக்கும் கடமை அதற்குக் கூடுதலாக உண்டு என்று நினைக்கிறேன். முள்ளிக்குளத்துக்காரர்களிடம் கேட்க ஆட்கள் போனார்கள். தும்பாவிலிருந்து நகர்ந்த தலைமுறை அநேகமாகப் போய்விட்டது.

கோடவுன் அக்கா இப்போது மணக்காட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். எங்கள் கடைக்கு நடந்தே வந்துவிடலாம். பெட்டிக்கடை இல்லை, கரையில் இருந்த வாடிக்கை கரையோடு போயிற்று. வீட்டுச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் வாங்குவார், பழைய பாக்கியில் ஐம்பது நூறு கழிப்பார். இந்த ஏப்ரலில் புதுக்கணக்கு எழுதும்போது அவர் கடையில் நின்றிருந்தார். "மணக்காடுன்னு மாத்திடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. வலியதுறைன்னே கிடக்கட்டும். அந்தக் கோடவுனை மட்டும் எடுத்துடுங்க." கொஞ்சம் நின்று, "பங்குப் பொஸ்தகத்துல இன்னும் அங்கதான் எங்க பேரு இருக்கு" என்றார்.

பாக்கித் தொகையோடு அந்த வரியைப் புது நோட்டில் இறக்கினேன். செறியதுறைக்கு அடுத்து, சங்குமுகத்துக்கு முன்னால்.